ஞாயிற்றுக்கிழமை எஞ்சின்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வயிற்று எரிச்சலைத் தவிர. அது கூடப்பிறந்தது மாதிரி விடாமல் கூடவே வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா? குட்டி கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாளா, இல்லை அம்மாவைப் போல ஆசிரியர்களைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறாளா?

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, இனிமேல் கடிதம் போடு என்று நீதான் சொன்னாய். போட்டுவிட்டேன். விஷயம் இதுதான். டிசம்பர் கடைசியில் எனக்கு டிப்போவில் ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும். நீயும் லீவு போடு. நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு சுற்றுப் போய் வரலாம். பழைய இயந்திரங்கள் வைத்திருக்கிற அருங்காட்சியகங்களாகப் பார்த்து வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் நெசவு இயந்திரங்கள். ஆற்றங்கரை ஊரில் பழைய அச்சு இயந்திரங்கள், கேட்டால் ஓட்டியும் காட்டுவார்களாம். கடைசியாக மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மூடிப்போன ரயில் பாதையில் கொஞ்ச தூரத்தை ஒரு சங்கம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நீராவி எஞ்சினை ஓட்டுகிறது. அங்கே மூன்று ராத்திரி தங்கலாம்.

நீயோ பாய்லர் ஆய்வாளர். வருஷம் முழுக்க பாய்லருக்குள் தலையை விட்டு, திட்டிக்கொண்டே வெளியே வருகிறவள். ஒரே ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஒரு பாய்லரை ரசித்துப் பாரேன். செலவு என்னுடையது. அத்தானும் குட்டியும் வேண்டாம், அவர்களுக்குப் போரடிக்கும்.

சீக்கிரம் பதில் போடு.

அன்புள்ள,
தம்பி

ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். முழங்கால் ஏணியைக் கண்டால் மட்டும் அழுகிறது. அத்தான் உப்பைக் குறைத்துவிட்டு கோபத்தைக் கூட்டியிருக்கிறார். உன் வயிற்று எரிச்சலுக்குக் காரணம் டிப்போ டீ. அதை விடு என்று எத்தனை தடவை சொல்வது?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். “செலவு என்னுடையது” என்ற இடத்தில்தான் முதலில் மூக்கு வியர்த்தது. என் கல்யாணத்துக்கு வந்த பஸ் டிக்கெட்டையே என்னிடம் நீட்டினவன் நீ.

அடுத்தது வழி. வரைபடத்தை விரித்துவைத்துப் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து மலையடிவாரத்துக்கு நேர் சாலை இருக்க, நீ ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறாய். டிப்போவில் அட்டவணை போடுகிறவன் நீ. உன் டிரைவர் எவனாவது இப்படி ஒரு வழியில் பஸ்ஸை ஓட்டினால் அன்றைக்கே மெமோ கொடுப்பாய். தலைநகரத்தில் இருக்கிற பெரிய ரயில் அருங்காட்சியகத்தைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. நெசவுக்கு அரை நாள், அச்சுக்கு அரை நாள், ஞாயிறு மட்டும் ஓடுகிற ஒற்றை எஞ்சினுக்கு மூன்று ராத்திரி. மீதி நாளெல்லாம் அங்கே என்ன செய்வது, தண்டவாளத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடவா? அதுவும் குட்டிக்குப் போரடிக்குமாம். அவள் படிப்பதே இயந்திரவியல்டா.

எதையோ மறைக்கிறாய். வீட்டுக்காரியோடு மனஸ்தாபமா? அந்த வயிற்று எரிச்சல் வெறும் எரிச்சல்தானே? டாக்டர் வேறு ஏதாவது சொன்னாரா? எதுவாக இருந்தாலும் நேராகச் சொல். பாய்லர் அழுத்தமானியில் முள் ஏறினால் எனக்குப் பயமில்லை. அசையாமல் நிற்கிற முள்ளைப் பார்த்தால்தான் பயம்.

உன்,
அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வயிற்றைச் சோதித்துவிட்டேன், டாக்டரும் டீயைத்தான் திட்டினார். உனக்குச் சந்தோஷமாக இருக்குமே.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஒரு தம்பி அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசைப்படுவது குற்றமா? தலைநகரத்தில் இருக்கிற எஞ்சின்கள் எல்லாம் சாயம் பூசி, கயிறு கட்டி, தொடாதே என்று பலகை போட்டுவைத்த பிணங்கள். இங்கே இருப்பது உயிருள்ள எஞ்சின். பக்கத்தில் நின்றால் சூடு முகத்தில் அடிக்கும். ஓட்டுகிறவர்களும் நல்ல மாதிரி, பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். நம்பாமல் போவாய் என்றுதான் ஒரு படம் வைத்திருக்கிறேன். எஞ்சினில் டிரைவர் நிற்கிற இடம். பித்தளை எல்லாம் எப்படி மின்னுகிறது பார்.

அறைக்குச் சொல்லிவைக்க வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம்.

படம் கிடைத்தது. பாய்லர் ஆய்வாளருக்கு ஆசை காட்டுவதற்கு பாய்லர் படத்தை அனுப்புகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான். நான் பித்தளையைப் பார்ப்பேன் என்று நினைத்தாயா? வால்வுகளைத்தான் பார்த்தேன். கை சுடாமலிருக்க, கைச்சக்கரம் ஒவ்வொன்றிலும் கயிறு சுற்றியிருக்கிறது. நெருக்கமாக, இடப்பக்கமாக. எங்கேயும் முடிச்சு இல்லை, நுனி உள்ளே செருகியிருக்கிறது. எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பேர் கயிறு சுற்றிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முடிச்சுதான் போடுவார்கள்.

முடிச்சில்லாமல் சுற்றியதை ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். நம் பழைய வீட்டுக் குழாயில், சட்டி மூடியின் பிடியில், என் சைக்கிளில்.

இதைச் சுற்றியது யார்? வேறு எதுவும் எழுத வேண்டாம். அதற்கு மட்டும் பதில் போடு.

அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டிப்போவில் புது வண்டிகள் வந்திருக்கின்றன, அட்டவணை முழுவதையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. இங்கே நல்ல மழை. அடுப்படிக் கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரி என்னைத்தான் திட்டுகிறாள். அத்தான் நலமா? உன் முழங்காலுக்கு ஒரு தைலம் சொன்னார்கள், வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன். டிசம்பரில் வா.

தம்பி

ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

தைலம் நீயே தேய்த்துக்கொள்.

அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறாரா? அவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நெசவையும் அச்சையும் சுற்றிக்கொண்டு வந்தாயா?

நீ அப்போது சின்னப் பையன், உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. எஞ்சினுக்குக் கரி போடுகிற வேலை அவருக்கு. ஒரு காலையில் வேலைக்குப் போனவர் போனவர்தான். அம்மா ஒவ்வொரு ராத்திரியும் அவர் தட்டை எடுத்து வைப்பாள், அப்புறம் கழுவாமலேயே எடுத்து அடுக்குவாள். விபத்தோ என்னவோ என்று நான் ரயில் ஷெட்டில் போய் அழுதேன். வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்றோடு எனக்கு அவர் செத்தார். கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னேன், வேலையில் சேரும்போதும் அப்படித்தான் சொன்னேன். அத்தானுக்கு மட்டும் விஷயம் தெரியும். குட்டிக்குத் தெரியாது. தாத்தா எப்படி இறந்தார் என்று அவள் கேட்டபோது காய்ச்சலில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று சொல்லிச்சொல்லி வளர்த்த பெண் அவள். இப்போது அந்த மனுஷன் எழுந்து வந்தால், அவள் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

டிசம்பர் பயணம் கிடையாது.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டுவாய் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பாய் என்று தெரியாது. கயிறு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் வேறு படம் அனுப்பியிருப்பேன்.

போன வருஷம் டிப்போ ஆட்களோடு ஒருநாள் அங்கே உல்லாசப் பயணம் போனோம். நான் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார். எனக்கு அம்மா முகம் இல்லையா? கையில் கரி மண்வெட்டியோடு வந்து நின்று, “உங்க அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். இறந்துவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய் நெருப்பைக் கிளற ஆரம்பித்துவிட்டார். யாரென்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு சில தடவை போனேன். நீ நினைக்கிற மாதிரி வேறு குடும்பம் எதுவும் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்காகவே உயிரோடு இருக்கிறார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். கையில் துணியோடு, எஞ்சினில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம் உண்டு அக்கா. ஆனால் இல்லாத ஆளோடு கோபித்துக்கொண்டு எனக்கு அலுத்துவிட்டது. நீ வந்து எதிரில் நின்று திட்டு. நான் தடுக்க மாட்டேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தம்பி

அக்டோபர் 6

அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

செப்டம்பர் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று ஷெட்டுக்குப் போனேன். எஞ்சின் குளிர்ந்துபோய் நிற்கிறது. வால்வில் பூட்டு. ஓட்டக் கூடாது என்று பாய்லர் ஆய்வாளர் உத்தரவாம். யார் ஆய்வாளர் என்று கேட்டேன். “ஒரு அம்மா வந்தாங்க சார். முழங்கால் வலியோட நெருப்புப் பெட்டிக்குள்ள படுத்து எந்திரிச்சாங்க” என்றார் சங்கத்து மேனேஜர்.

அந்தப் பகுதி உன்னுடையது இல்லையே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனாய்? அப்பாவைப் பார்த்துப் பேசினாயா? அவர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். அறை வாசலில் உட்கார்ந்து குளிர்ந்த எஞ்சினையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேராகவே கேட்கிறேன். நீ பார்த்தது பாய்லரையா, இல்லை பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாயா? அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

தம்பி

அக்டோபர் 12

தம்பிக்கு,

ஆசிகள். நீ கேட்டது நியாயமான கேள்வி. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆமாம், போனேன். அந்தப் பகுதிக்காரர் மலைப் பாதையைக் கண்டாலே வாந்தி எடுக்கிறவர். இந்த ஒரு தடவை நான் போகிறேன் என்றதும் சந்தோஷமாகத் தள்ளிவிட்டார். சொந்தக்காரர் வேலை செய்கிற இடத்தில் ஆய்வுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் ஆபீசைப் பொறுத்தவரை எனக்கு அப்பா கிடையாதே. முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

தகரக் கூரை, கரி நாற்றம், மேனேஜர் நீட்டிய பிஸ்கட். பிஸ்கட்டை நான் தொடவில்லை. முந்தின நாளே எஞ்சினை ஆற வைத்திருந்தார்கள். கிழவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். முடி புதிதாக வெட்டியிருந்தது, சட்டையில் இஸ்திரி மடிப்பு. ஆய்வாளரை மயக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். “வாங்க மேடம், படி வழுக்கும்” என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முகத்தில் எங்கேயாவது காட்டியிருக்கும். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாய்லரில் கரி எரிகிற நெருப்புப் பெட்டிக்கு உள்சுவரும் வெளிச்சுவரும் உண்டு. இரண்டையும் வரிசை வரிசையாக போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கும். உள்ளே படுத்துக்கொண்டு சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீரென்று சொல்லும். முறிந்தது மொத்தென்று சொல்லும். மூன்று மொத்தென்றன, அதுவும் பக்கத்துப் பக்கத்தில். அப்படி ஒரு பாய்லரை மூட்டினால் அந்த இடத்தில் தகடு பிதுங்கும். பிதுங்கினால் வாசலில் கரி போடுகிறவர்தான் முதலில் வெந்துபோவார்.

இன்னொன்று. இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. உள்ளே நுழைவதற்கு முன்னால், விளக்குப் பிடிக்கவும் காவலுக்கும் வாசலில் என் ஆளைத்தான் நிறுத்துவேன். அந்த இடத்து ஆட்களை ஒருநாளும் நம்பியதில்லை. அன்றைக்கு எங்கள் ஜீப் டிரைவர் பல்வலியில் சுருண்டு கிடந்தார். கிழவர் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். நான் பேசாமல் உள்ளே போய்விட்டேன். பாதி வேலை முடிந்த பிறகுதான், வெளியே உட்கார்ந்திருப்பது யார் என்று சுருக்கென்றது. உலகத்தில் யாரை நம்பவே கூடாது என்று இருந்தேனோ, அந்த மனுஷனை வாசலில் வைத்துவிட்டு இரும்புப் பெட்டிக்குள் மல்லாந்து கிடக்கிறேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் வெளியே வந்து ஆளை மாற்றவில்லை. நான் தட்டப்போகிற இடத்துக்கு எனக்கு முன்னாலேயே வெளிச்சம் போய் நின்றது.

ஓட்டக் கூடாது என்றேன். “சரி மேடம். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வந்து ஏமாந்து போகும், அவ்வளவுதான்” என்றார். வால்வில் பூட்டைப் போட்டு, மகள் என்று சொல்லாமலேயே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

இனி உன் கேள்வி. போல்ட்டுகள் முறிந்திருந்தது உண்மை. ஆனால் வேறு ஷெட்டாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருப்பேனா, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை தம்பி. ஊரில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று. இப்போது என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், வீம்பு பண்ணாமல் தேய்த்துக்கொள்.

ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. போன வாரம் ஷெட்டுக்கு வேறு ஒரு ஆய்வாளர் வந்தாராம். கண்டிப்பான மனுஷர். பாய்லரை முதலிலிருந்து மறுபடியும் தட்டிப் பார்த்திருக்கிறார். முறிந்தது மூன்றில்லை, நான்காம். நீ நல்லது என்று விட்டுவிட்டு வந்த ஒன்றும் முறிந்ததாம். எல்லாவற்றையும் மாற்றினால்தான் நெருப்பு மூட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சங்கத்துக்காரர்கள் புது போல்ட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள், ஆனால் டிசம்பருக்குள் எஞ்சின் ஓடாது.

நான் போனபோது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா, அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. “அவளுக்குக் காது தப்பாதுடா. அன்னைக்குக் கை நடுங்கிடுச்சு. விளக்குப் பிடிச்சவனுக்குத் தெரியாதா?” என்றார். “அவளா?” என்று கேட்டேன். ஆய்வுக்கு இன்னார் வருகிறார் என்று ஷெட்டுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் வருமாமே, அதில் உன் பேர் இருந்ததாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைத் தினமும் போய்ப் படிப்பாராம். நீ வருவதற்கு முந்தின நாள் டவுனுக்கு நடந்தே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார் என்று மேனேஜர் சொன்னார். பாய்லர் படம் அனுப்பியதற்கு என்னைக் கிண்டல் பண்ணினாயே, உன் பேர் போட்ட நோட்டீசை நீ மறந்ததை எங்கே போய்ச் சொல்ல?

ஏன் பேசவில்லை என்று அவரைக் கேட்டேன். “அவ மேடமா வந்தா. நான் மேடம்னு கூப்பிட்டேன்” என்றார்.

அந்த இரண்டாவது ஆய்வாளரை யார் அனுப்பினார்கள்? அங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை. எனக்கு உன் மேல்தான் சந்தேகம்.

தம்பி

நவம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். தைலம் நாறுகிறது, ஆனால் வேலை செய்கிறது.

உன் சந்தேகம் சரிதான். நான்தான் அனுப்ப வைத்தேன். உனக்குப் போன கடிதத்தை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. காலையில் நேராகப் பெரிய ஆய்வாளர் அறைக்குப் போய், அந்த எஞ்சினை வேறு யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், என் ஆய்வு செல்லாது என்றேன். ஏன் என்றார். அங்கே என் சொந்தக்காரர் வேலை செய்கிறார், தெரிந்தேதான் போனேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சொந்தம்னா எப்படி? தூரத்துச் சொந்தமா?”

“அப்பா சார்.”

“உங்க அப்பா இறந்துட்டார்னு இல்ல சொல்லியிருந்தீங்க?”

“இல்ல சார். அப்பா இருக்கார்.”

சொன்ன பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசிப் பழக்கமில்லாத வார்த்தை அது. அவர் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் மெமோவும் கொடுத்தார். கொஞ்ச காலத்துக்கு வெளி ஆய்வு கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து காகிதம் பார்க்க வேண்டும். முழங்காலுக்கு நல்லதுதான்.

நான்காவது போல்ட்டை விட்டுவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய நிம்மதியாகவும் இருந்தது. பழி வாங்கப் போனவள் குறைத்து எழுத மாட்டாள் இல்லையா? நோட்டீசை மறந்தது என் முட்டாள்தனம். ஆயுசுக்கும் சொல்லிச் சிரி. அந்த முடி வெட்டிய விஷயத்தை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம். சமையலறையில் நின்று அழுதேன், அத்தான் பயந்துவிட்டார்.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் போய்ச் சொல்லிவிடாதே. மன்னிக்கவில்லை. ஏன் போனார் என்று கேட்கத்தான் வருகிறேன். அவர் துடைக்கிற துணியை முதலில் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்பேன். எஞ்சின் ஓடாவிட்டால் பரவாயில்லை. நின்றுகொண்டிருந்தால்தான் பேசவும் முடியும். நெசவும் வேண்டாம், அச்சும் வேண்டாம், நேர் வழியில் கூட்டிக்கொண்டு போ.

நேற்று சாயங்காலம் குட்டியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், பொய்க்காரி என்பாள் என்று எதிர்பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் ஒருத்தி இருக்கேன்னாவது அவருக்குத் தெரியுமாம்மா?”

அதை அவளே அவரிடம் கேட்கட்டும். டிசம்பருக்கு அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போடு.

உன் அன்பு,
அக்கா